நில அதிர்வுப் பதிவை ஒலி மென்பொருளில் ஆராயலாமா? எத்தனை மடங்கு வேகம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்

கேள்வி இது: நில அதிர்வு நிலையங்களின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஆடாசிட்டி போன்ற ஒலி மென்பொருளில் திறந்து, வேகமாக ஓட்டிக் கேட்டு, ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருந்தது என்று காட்டும் படம்) பார்த்து ஆராய முடியுமா? அப்படிக் கண்டுபிடிப்பதை எந்த அளவுக்கு நம்பலாம்? துறைக்கான மென்பொருளைக் கற்காமல் இதில் இறங்குவது வீண்வேலையா?

வீண்வேலை இல்லை. ஒரு நாள் முழுவதன் பதிவில் எங்கே பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்கக் காதைப் போல வேகமான கருவி கிடையாது. ஆனால் கண்டுபிடித்ததை அளக்கும் வேலைக்குக் காதும் ஆகாது, ஒலி மென்பொருளும் ஆகாது. அளவு வேண்டுமென்றால் மூலத் தரவுக்குத் திரும்பியே ஆகவேண்டும். இந்த எல்லையை மனதில் வைத்துக்கொண்டால் பயமில்லாமல் இறங்கலாம்.

முதலில் இது ஏன் சாத்தியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நில அதிர்வுமானி தருவதும் மைக் தருவதும் ஒரே வகைப் பொருள்: சம இடைவெளியில் எடுத்த எண்களின் வரிசை. அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள், நொடிக்கு எத்தனை என்பது சாம்பிள் ரேட். வித்தியாசம் வேகத்தில் மட்டும்தான். இசைக் கோப்பில் நொடிக்கு 44,100 எண்கள் இருக்கும். நில அதிர்வு நிலையத்தில் வழக்கமாக 20, 40 அல்லது 100. அந்த 100 எண் வரிசையைத் தொடாமல், கோப்பின் தலைப்பில் மட்டும் 'இது நொடிக்கு 44,100' என்று எழுதிவிட்டால், மென்பொருள் அதை நம்பி 441 மடங்கு வேகத்தில் ஓட்டும். எண் எதுவும் மாறுவதில்லை. காலத்தின் அளவுகோல் மட்டும் சுருங்குகிறது. 1 ஹெர்ட்ஸில் ஆடிய நிலம் 441 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும். 24 மணி நேரப் பதிவு 3 நிமிடம் 16 நொடியில் முடிந்துவிடும்.

யோசனை புதிதல்ல. 1961-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெரிடன் ஸ்பீத் என்பவர், நிலத்தடி அணுகுண்டு வெடிப்பையும் இயற்கையான நிலநடுக்கத்தையும் காதால் பிரித்தறிய முடியுமா என்று சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அணுச் சோதனைத் தடை பற்றி வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டையும் பிரிக்க நம்பகமான வழி அவசரமாகத் தேவைப்பட்டது. வேகமாக ஓட்டிய பதிவுகளைக் கேட்டுப் பயின்றவர்கள் பெரும்பாலும் சரியாகவே பிரித்தார்கள். பிறகு கணினிகள் வலுப்பெற, காதை யாரும் நம்பியிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆர்வலருக்கு அந்த வழி இன்றும் திறந்துதான் இருக்கிறது.

இனி, தொடக்கநிலையில் பெரும்பாலோர் சறுக்கும் இடம். எத்தனை மடங்கு வேகம் என்பதை ஏதோ வசதிக்காகத் தேர்ந்தெடுக்கும் ஓர் எண்ணாக நினைத்துவிடுகிறார்கள். அதுதான் உங்கள் கருவியே. எதைத் தேடுகிறீர்களோ அதற்கேற்ற மடங்கை எடுக்காவிட்டால், பதிவில் தெளிவாக இருப்பதுகூடக் காதுக்கு எட்டாது.

கணக்கு எளிது. அருகில் நிகழும் சிறு நிலநடுக்கத்தின் ஆற்றல் ஏறத்தாழ 5 முதல் 20 ஹெர்ட்ஸில் இருக்கும். 100 சாம்பிள் பதிவை நொடிக்கு 8,000 என்று அறிவித்தால் 80 மடங்கு. அந்த நிலநடுக்கம் 400 முதல் 1,600 ஹெர்ட்ஸில், காதுக்கு மிக வசதியான இடத்தில் வந்து உட்காரும். ஒரு நாள் 18 நிமிடமாகும். இதையே 441 மடங்கில் ஓட்டினால் 2,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை ஏறி, கண்ணிமைக்கும் நேரத்தில் 'டிக்' என்று போய்விடும். மின்சாரக் கோளாறால் வந்த துள்ளலும் அப்படியே 'டிக்' என்றுதான் கேட்கும். இரண்டையும் பிரிக்கக் காதுக்கு எந்தத் துப்பும் இருக்காது.

நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் பி அலைக்கும் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலைக்கும் இடையிலான நேரத்தைக் கேட்க விரும்பினால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். 100 கிலோமீட்டர் தொலைவில் நடந்த நிலநடுக்கத்துக்கு அந்த இடைவெளி சுமார் 12 நொடி. 441 மடங்கில் அது நொடியில் நூறில் மூன்று பங்குக்கும் குறைவு. இரண்டும் ஒட்டி ஒரே தட்டலாகக் கேட்கும். 80 மடங்கில் 0.15 நொடி, 'டப்-டும்' என்று இரட்டைத் தட்டலாகப் பிரியத் தொடங்கும். 20 மடங்கில் 0.6 நொடி, யாருக்கும் கேட்கும். ஆனால் 20 மடங்கு என்றால் சாம்பிள் ரேட் 2,000. சில மென்பொருள்கள் இவ்வளவு குறைந்த எண்ணை ஏற்காது. அப்போது தரவை முதலில் 4 மடங்கு மறுசாம்பிள் செய்து (இடையிடையே எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்து நொடிக்கு 400 ஆக்கி), 8,000 என்று அறிவித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உலகின் மறுகோடியில் நிகழ்ந்த பெரிய நிலநடுக்கத்தின் மேற்பரப்பு அலைகள் 20 நொடிக்கு ஒருமுறை ஆடுபவை, அதாவது 0.05 ஹெர்ட்ஸ். 441 மடங்கில் அது 22 ஹெர்ட்ஸ், செவியின் அடிவாசல். திரையில் பிரம்மாண்டமான அலை தெரியும், காதில் ஒன்றுமே விழாது. அதைக் கேட்க 2,000 மடங்காவது வேண்டும். அதற்கு நொடிக்கு 20 சாம்பிள் உள்ள பதிவை எடுத்து 44,100 என்று அறிவித்தால் 2,205 மடங்கு வந்துவிடும்.

ஆகவே ஒரே நாளின் பதிவை மூன்று வேகத்தில் மூன்று கோப்புகளாக வைத்துக்கொள்வது என் வழக்கம். 80 மடங்கு அருகில் நடப்பதற்கு, 441 மடங்கு நாள் முழுவதையும் ஒருமுறை மேய்வதற்கு, 2,000-க்கு மேல் தொலைதூரத்துக்கு. கோப்பின் பெயரிலேயே நிலையம், தொடக்க நேரம், மடங்கு மூன்றையும் எழுதிவிடுங்கள். தொடக்க நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். வேவ் (ஒலி மென்பொருள்கள் திறக்கும், சுருக்கப்படாத ஒலிக் கோப்பு வடிவம்) கோப்புக்குப் பதிவு எப்போது தொடங்கியது என்று தெரியாது. அந்தத் தகவல் போய்விட்டால் எந்த நிலநடுக்கப் பட்டியலுடனும் அதை ஒப்பிட முடியாது.

தரவு எங்கே கிடைக்கும்? எர்த்ஸ்கோப் என்ற அமெரிக்க அமைப்பும் (முன்பு ஐரிஸ் என்று அறியப்பட்டது இதில்தான் இணைந்தது), ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் இயங்கும் ஜியோஃபோன் வலையமைப்பும் உலகெங்கும் உள்ள நிலையங்களின் பதிவுகளைத் திறந்த நிலையில் தருகின்றன. ராஸ்ப்பெர்ரி ஷேக் என்ற சிறு கருவியை வீட்டில் வைத்திருக்கும் ஆர்வலர்களின் பதிவுகளும் ஏஎம் என்ற வலையமைப்புக் குறியீட்டில் கிடைக்கும். அவை நொடிக்கு 100 சாம்பிள். அலைவரிசைப் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எல்எச்இசட் என்றால் நொடிக்கு ஒரு சாம்பிள், பிஎச்இசட் பெரும்பாலும் 20 அல்லது 40, எச்எச்இசட் வழக்கமாக 100. கடைசி எழுத்து திசை: இசட் என்றால் மேல்-கீழ். பி அலையைத் தேட அதுதான் முதல் தேர்வு. எஸ் அலை கிடைமட்டத் திசைகளில்தான் நன்றாகத் தெரியும்.

கோப்புகள் மினிசீட் என்ற வடிவத்தில் வரும். அதை ஆடாசிட்டி நேரடியாகத் திறக்காது. 'ரா' இறக்குமதியில் திறந்து பார்க்கலாமே என்று தோன்றும். உள்ளே எண்கள் சுருக்கிக் கட்டப்பட்டிருப்பதால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு 'விசித்திர ஒலி' என்று யாராவது வெளியிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். ஆப்ஸ்பை என்ற பைத்தான் நூலகம் மினிசீட்டைப் படித்து வேவ் கோப்பாக எழுதும். எத்தனை சாம்பிள் ரேட் என்று அறிவிப்பது என்பதையும் நீங்களே சொல்லலாம். பத்து வரி நிரல் போதும். துறை மென்பொருள் வேண்டாம் என்பவர்களுக்குக்கூட இந்தப் பத்து வரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம், வேவ் ஆக மாற்றும் முன் தரவைக் கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டும்; அதற்குச் சரியான இடமும் இதுதான்.

சுத்தம் என்றால் என்ன? நில அதிர்வுமானியின் எண்கள் பூச்சியத்தைச் சுற்றி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சராசரி எங்கோ ஆயிரக்கணக்கில் தள்ளி நிற்கும். வெப்பநிலை மாற, நாள் முழுக்க மெல்லச் சரிந்துகொண்டும் இருக்கும். சராசரியையும் சரிவையும் கழிக்காமல் ஒலியாக்கினால், கிடைக்கும் இடமெல்லாம் அந்தத் தள்ளலுக்கே போய்விட்டு, நிலநடுக்கம் அடியில் நசுங்கிக் கிடக்கும். அடுத்து, பதிவின் இரு முனைகளையும் மெல்லப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் 'டக்' என்று ஒரு வெட்டு கேட்கும். இடையில் பதிவு விட்டுப்போன பகுதிகள் இருந்தால் இன்னும் கவனம். இரண்டு துண்டுகளை அப்படியே ஒட்டிவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லா நேரமும் தவறாகிவிடும். விடுபட்ட இடத்தைப் பூச்சியத்தாலோ நேர்கோட்டாலோ நிரப்பி, எங்கே நிரப்பினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒலியின் அளவு. ரிக்டர் வழியிலான அளவுகளில் ஒரு படி ஏறினால் அலையின் வீச்சு 10 மடங்கு, அதாவது 20 டெசிபெல். ஒரே இடத்தில் நிகழ்ந்த 2 அளவு அதிர்வுக்கும் 5 அளவு அதிர்வுக்கும் இடையே 60 டெசிபெல். பெரியதை முழு ஒலியளவுக்கு வைத்தால் சிறியது கேட்கவே கேட்காது. 16 பிட் கோப்பின் மொத்த இடமே 96 டெசிபெல்தான். எனவே 32 பிட்டில் சேமித்து, கேட்கும்போது அந்தந்தப் பகுதியை மட்டும் உயர்த்திக் கேளுங்கள்.

இவ்வளவும் முடித்து ஆடாசிட்டியில் திறந்தாயிற்று. முதலில் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி ஒலிகள் சரியாக வராது. கடலலைகள் நிலத்தில் ஓயாமல் எழுப்பும் மெல்லிய அதிர்வான மைக்ரோசீசம் 0.2 ஹெர்ட்ஸ் என்றால், 441 மடங்கில் 88 ஹெர்ட்ஸ். அந்தச் சிறு ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும்.

பிறகு தடத்தை ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். அளவுகோல் மெல் என்று இருந்தால் நேரியலுக்கோ மடக்கைக்கோ மாற்றிவிடுங்கள். மெல் மனிதக் காது சுருதியை உணரும் விதத்துக்கேற்ப அமைத்தது. திரை காட்டும் ஹெர்ட்ஸ் பொய்யானது, அதை மடங்கால் வகுத்தால்தான் உண்மையான அதிர்வெண். நேரத்தை மடங்கால் பெருக்க வேண்டும். ஜன்னல் அளவு (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து அதிர்வெண் கணக்கிடுவது) என்ற அமைப்பில் சிறிது நேரம் செலவிடுவது பலன் தரும். இசைக்குப் பொருந்தும் 2,048 சாம்பிள் ஜன்னல், 100 சாம்பிள் பதிவில் 20 நொடிக்கும் மேல் நீளும். 12 நொடி இடைவெளியில் வரும் பி, எஸ் இரண்டும் அதற்குள் கலங்கிப் பூசினாற்போல் தெரியும். 256 என்று குறைத்தால் 2.56 நொடி, வருகைகள் கூர்மையாகும், ஆனால் அதிர்வெண்ணை 0.4 ஹெர்ட்ஸுக்கு மேல் நுணுக்கமாகப் பார்க்க முடியாது. மோட்டார் போன்ற நிலையான ஒலியைத் தேட நீண்ட ஜன்னல், நிலநடுக்கத்தைத் தேடக் குறுகிய ஜன்னல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு கிடையாது. சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருளில் ஒரே பதிவின் மேல் இரண்டு மூன்று ஸ்பெக்ட்ரோகிராம்களை வெவ்வேறு அமைப்பில் அடுக்கிப் பார்க்கலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது அது; பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் ஆடாசிட்டியைவிட எனக்கு அதுவே பிடிக்கும்.

சரி, என்ன கேட்கும்? முதல் ஏமாற்றம்: பெரும்பாலும் மனிதர்கள்தான் கேட்பார்கள். 1 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையான பட்டையில் சாலை, ரயில், தொழிற்சாலை எல்லாம் குவிந்திருக்கும். விடியலில் ஏறி, இரவில் இறங்கும். 2020 பொதுமுடக்கத்தில் உலகம் முழுவதும் இந்த இரைச்சல் பாதி அளவுக்குக்கூடக் குறைந்தது என்பது அப்போது பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையின் முடிவு. ஸ்பெக்ட்ரோகிராமில் அசையாத கிடைக்கோடு தெரிந்தால் ஏதோ ஒரு மோட்டார் என்று சந்தேகப்படுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் 25 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே கோடு போடும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 30-க்குச் சற்றுக் கீழே. பம்பு நிற்கும்போது அந்தக் கோடும் அறுபடும். ஹெலிகாப்டர் பறந்தால் 10 முதல் 25 ஹெர்ட்ஸுக்குள் ஒரு கோடு தோன்றி, அது தலைக்கு மேல் கடக்கும் கணத்தில் சுருதி இறங்கும். டாப்ளர் விளைவு அவ்வளவு அழகாகத் தெரியும் இடம் வேறெங்கும் இல்லை. இதையெல்லாம் 'அடையாளம் தெரியாத நிலத்தடி ஒலி' என்று தலைப்பிட்டு எழுதுபவர்கள் உண்டு. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: வேலை நேரத்தில் தொடங்கி, விடுமுறை நாளில் வராமல் இருந்தால் அது பூமியின் வேலை இல்லை.

கல்குவாரி வெடியையும் நிலநடுக்கத்தையும் பிரிப்பது கொஞ்சம் சுவையான பயிற்சி. குவாரியில் பல துளைகளைச் சில பத்து மில்லிநொடி இடைவெளியில் வரிசையாக வெடிப்பார்கள். அந்தச் சீரான இடைவெளி, அதிர்வெண்ணில் படிந்து, ஸ்பெக்ட்ரோகிராமில் நேரத்தோடு மாறாத கிடைப்பட்டைகளாகத் தெரியும். பி அலை வலுவாகவும் எஸ் அலை மெலிந்தும் இருக்கும். நிலநடுக்கத்தில் பெரும்பாலும் எஸ்தான் ஓங்கி ஒலிக்கும். காதில் கேட்டால், நிலநடுக்கம் தட்டிவிட்டு நீண்டு உருண்டோடும். வெடி தட்டியதும் அடங்கிவிடும். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் நூறு பதிவு கேட்ட பிறகு காது தானாகவே பிரிக்கத் தொடங்கிவிடும்.

கடலடி நிலையத்தின் பதிவு கிடைத்தால் 20 ஹெர்ட்ஸ் பக்கம் கவனியுங்கள். ஃபின் திமிங்கிலங்கள் அந்த அதிர்வெண்ணில் சீரான இடைவெளியில் துடிப்புகளாகக் குரல் கொடுக்கும். நிலநடுக்கத்துக்காக வைத்த கருவிகளில் அவை பதிவாவதைக் கொண்டே திமிங்கிலங்களின் நடமாட்டத்தை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள்.

காதுக்கே உரிய வெற்றி என்றால் நான் ரெடவுட் எரிமலையைச் சொல்வேன். 2009 மார்ச்சில் அலாஸ்காவின் அந்த எரிமலை வெடித்தபோது, சில வெடிப்புகளுக்கு முன் சிறு சிறு நிலநடுக்கங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் அடுத்தடுத்து வந்தன. இடைவெளி குறைந்துகொண்டே போய், நொடிக்கு 30 வரை எட்டி, தனித்தனித் தட்டல்கள் ஒன்றிணைந்து ஒரே சுருதியாக மேலேறின. பிறகு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை அமைதி. அதன்பின் வெடிப்பு. 60 மடங்கில் ஓட்டிக் கேட்டால் முரசு வேகமெடுத்து ஒரு கிறீச்சிடலாக உயர்ந்து சட்டென நிற்பது துல்லியமாக விளங்கும். அலைக்கோட்டை மட்டும் பார்த்தால் அந்தக் கடைசிக் கட்டம் வெறும் தடித்த பட்டையாகத்தான் தெரியும். வேகமாகும் தட்டல் எந்த இடத்தில் சுருதியாக மாறுகிறது என்பதைக் காது முயற்சியே இல்லாமல் பிடித்துவிடுகிறது.

மிக மெதுவான பக்கத்துக்கு இன்னொரு உதாரணம். 2023 செப்டம்பர் 16 அன்று கிழக்கு கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் ஒரு மலைச்சரிவு நிகழ்ந்தது. சுமார் 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் நீரில் விழுந்து ஆழிப்பேரலையைக் கிளப்பின. அந்தக் குறுகிய நீர்வழியில் நீர் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்க, உலகெங்கும் உள்ள நிலையங்களில் 92 நொடிக்கு ஒருமுறை ஆடும் ஒற்றைச் சுருதி ஒன்பது நாட்கள் பதிவானது. முதலில் யாருக்கும் என்னவென்று புரியவில்லை. பதினைந்து நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேர்ந்து காரணத்தைக் கண்டு 2024-இல் வெளியிட்டார்கள்.

இதை ஒலியாக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. நொடிக்கு ஒரு சாம்பிள் உள்ள எல்எச் பதிவை எடுத்து 44,100 என்று அறிவியுங்கள். அதிர்வெண் 10.88 மில்லிஹெர்ட்ஸ், 44,100-ஆல் பெருக்கினால் 480 ஹெர்ட்ஸ். ஒன்பது நாட்கள் 17.6 நொடியாகச் சுருங்கும். அதாவது கேட்பதற்கு மிக இதமான ஒரு சுருதி, பதினேழு நொடியில் மெல்லத் தேய்ந்து அடங்கும். ஆனால் வடிகட்டாமல் கேட்டால் அது கேட்காது. கடலலைகள் எழுப்பும் மைக்ரோசீசம் 0.15 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் 44,100 மடங்கில் 6,600 ஹெர்ட்ஸாக மாறி, 'ஸ்ஸ்' என்று எல்லாவற்றையும் மூடிவிடும். 0.02 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வெட்டும் லோ-பாஸ் வடிகட்டி போட்டால் சுருதி மேலே வரும். இடையில் உலகில் எங்காவது பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்திருந்தால் 'தடால்' என்று ஒரு குறுக்கீடும் கேட்கும், அது இயல்பு.

2018 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலின் மயோட் தீவருகே எழுந்து இருபது நிமிடம் நீடித்த 17 நொடி அலைநேர அதிர்வையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். பொதுவில் கிடைக்கும் நிலையப் பதிவுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆர்வலர் ஒருவர்தான் அதைக் கவனித்து உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். பின்னர் அங்கே கடலடியில் புதிய எரிமலை ஒன்று உருவாகியிருப்பது தெரியவந்தது. அதன் விளக்கத்தைத் தந்தது கப்பலில் போய் அளந்த ஆய்வாளர்கள். அதைக் கண்ணில் படச் செய்தது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். நீங்கள் கேட்ட 'வீண்வேலையா' என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி, செய்யக் கூடாதவை. எம்பி3 ஆகச் சேமிக்கவே வேண்டாம். மனிதக் காது கவனிக்காது என்று அது நினைப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் தேடுவதே அந்த மெல்லிய சமாச்சாரங்களைத்தான். தொடக்கத்தில் சிறு இடைவெளியையும் சேர்த்துவிடுவதால் நேரமும் நகர்ந்துவிடும். இரைச்சல் நீக்கும் கருவிகளையும் தொடாதீர்கள். அவை இரைச்சலின் ஒரு மாதிரியைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் மணி ஒலிபோன்ற போலிச் சுருதிகளை விட்டுச்செல்லும். 'நிலத்தடியில் இசை' என்ற வகைப் பரபரப்புகள் பலவற்றுக்கு மூலம் இதுவாக இருந்தால் எனக்கு வியப்பில்லை. வேகத்தை மாற்றும் கருவி வேறு, சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் நீட்டும் கருவி வேறு. இரண்டாவது, அலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது, ஆய்வுக்கு ஆகாது.

வடிகட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. சில வடிகட்டிகள் பதிவை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டி, வடிகட்டுவதால் அலை நேரத்தில் நகர்ந்துவிடும் சிதைவை ஈடுசெய்யும். அப்படிச் செய்தால், கூர்மையான பி அலைக்கு முன்பே சிறிய நடுக்கம் ஒன்று முளைக்கும். 'நிலநடுக்கத்துக்கு முந்தைய முன்னறிகுறி' என்று அதைக் காட்டி மகிழ்வதற்கு முன், வடிகட்டாத மூலத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்னறிவிப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும், எப்படியும் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒரு நிலையத்தின் ஒலியைக் கேட்டு எப்போது, எங்கே, எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும் என்று சொல்ல இயலாது. ஆயிரக்கணக்கான நிலையங்களையும் பல பத்தாண்டு உழைப்பையும் வைத்துக்கொண்டுள்ளவர்களாலேயே இன்றுவரை முடியாதது அது. ரெடவுட் போன்ற எரிமலைகளில் சில சமயம் முன்னோட்டம் தெரிவது உண்மை. பிளவுகளில் நிகழும் நிலநடுக்கங்களுக்கு அப்படி நம்பத்தக்க முன்னோட்டம் கிடையாது.

அளவு சொல்வதிலும் அதே எச்சரிக்கை. கோப்பில் இருக்கும் எண்கள் நிலத்தின் வேகம் அல்ல. கருவியின் வெறும் எண்ணிக்கைகள். கருவிக்குக் கருவி உணர்திறன் வேறு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் அது வேறு. ராஸ்ப்பெர்ரி ஷேக்கில் உள்ள வகை ஜியோஃபோனின் (நிலத்தின் அசைவை மின்னழுத்தமாக்கும் சிறு உணரி; மேலே சொன்ன வலையமைப்பு வேறு) இயல்பான எல்லை 4.5 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உணர்திறன் சரிந்துவிடும் என்பதால் மின்னணு முறையில் ஈடுகட்டுகிறார்கள். கருவியின் துலங்கல் கோப்பை (எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு உணர்திறன் என்ற விவரத்தை) வைத்துத் திருத்தாமல் இரண்டு நிலையங்களின் வீச்சை ஒப்பிட்டுப் பேசுவது அர்த்தமற்றது. அதோடு, ஒலியாக மாற்றும் நிரல் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே முழு அளவுக்கு உயர்த்தியிருக்கும். 'இந்த நிலையத்தில் சத்தமாகக் கேட்கிறது' என்பதில் எந்தத் தகவலும் இல்லை. ஆனால் நேரத்தை நம்பலாம். எஸ் வந்த நேரத்திலிருந்து பி வந்த நேரத்தைக் கழித்து, நொடிக்கு 8 கிலோமீட்டர் என்று பெருக்கினால் அருகில் நிகழும் நிலநடுக்கத்தின் தொலைவு கிட்டத்தட்டக் கிடைக்கும். மூன்று நிலையங்களில் இதைச் செய்தால் வரைபடத்தில் மூன்று வட்டங்கள் வெட்டும் இடம் தெரியும்.

சொந்தமாகக் கருவி செய்ய எண்ணுபவர்களுக்கு ஒன்று: ஜியோஃபோனைக் கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். உடைந்துவிடாது, பயன்தான் இருக்காது. ஒலி அட்டையின் நுழைவாயிலில் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் மின்தேக்கி உண்டு. சில ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அது உள்ளே விடாது. பக்கத்துச் சாலையில் லாரி போவது பதிவாகும், தொலைதூர நிலநடுக்கத்தின் மெதுவான அலைகள் பதிவாகாது. மிகக் குறைந்த அதிர்வெண் வரை படிக்கும் தனி மாற்றி, அதாவது 24 பிட் ஏடிசி, தேவை.

முதல் முயற்சிக்கு வழி சொல்கிறேன். ஏற்கெனவே பட்டியலில் உள்ள, நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நடந்த, 3 அளவை ஒட்டிய ஒரு நிலநடுக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அது நிகழ்ந்த நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் எச்எச்இசட் பதிவை இறக்கி, 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 80 மடங்கில் வேவ் ஆக்குங்கள். ஒரு மணி நேரம் 45 நொடியாகும். கேட்டுக்கொண்டே, சந்தேகப்படும் இடத்தில் எல்லாம் ஆடாசிட்டியின் லேபிள் தடத்தில் குறியிடுங்கள். லேபிள்களை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொன்றுக்கும் நொடி கிடைக்கும். அதை 80-ஆல் பெருக்கித் தொடக்க நேரத்தோடு கூட்டினால் உலகப் பொது நேரம். பட்டியலிலுள்ள நிலநடுக்கத்தின் பி அலை 22 அல்லது 23-ஆவது நொடியில் கேட்க வேண்டும். நீங்கள் குறியிட்ட மற்றவற்றை அருகிலுள்ள இரண்டாவது நிலையத்தின் பதிவில் தேடுங்கள். சில நொடி முன்னே பின்னே அங்கும் இருந்தால் நிலத்திலிருந்து வந்தது. இல்லையென்றால் அந்த நிலையத்தின் வாசலில் ஏதோ நடந்திருக்கிறது.